லாக் வயர்: காப்புக்கம்பியா, பூட்டுக்கம்பியா, பிணைக்கம்பியா?

ஐயா, வணக்கம்.

லாக் வயருக்கு (போல்ட் அதிர்வில் கழலாதபடி அதன் தலையில் கோத்துக் கட்டுகிற கம்பி) நம் வண்டிச் சொற்பட்டியலுக்காக நீங்கள் தந்த 'காப்புக்கம்பி'யையும் கோவை அண்ணன் தந்த 'பூட்டுக்கம்பி'யையும் இரண்டு நாளாக வாயில் போட்டு மென்றுகொண்டிருக்கிறேன். இரண்டுமே இறங்கவில்லை. ஏன் என்று சொல்வதற்கு முன்னால், இதற்கு ஒரு சொல் இல்லாமல் நான் பட்ட பாட்டைச் சொல்லிவிடுகிறேன்.

எங்களுக்குப் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை. வீட்டில் தமிழ், கடைவீதியில் மலையாளம், ஸ்பேர் பார்ட்ஸ் மட்டும் இரண்டிலும் இங்கிலீஷ். கோவைப் பக்கம் செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஒரு ட்ராக் டேக்காக (சொந்த வண்டியைப் பந்தயத் தடத்தில் ஓட்டுகிற நாள்) என் யமஹா ஆர்15 பைக்கைத் தயார் செய்துகொண்டிருந்தேன். (கார்ப் பந்தய வீரர் கரிவர்தன் நினைவாகப் பெயர் வைத்து 2003இல் திறந்த 2.1 கிலோமீட்டர் ஓடுதளம் அது. அம்மா இன்றைக்கும் அடுப்புக்கரி சம்பந்தப்பட்ட இடம் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்.) கண்ணாடி, இண்டிகேட்டர், நம்பர் பிளேட், சைடு ஸ்டாண்டு எல்லாவற்றையும் கழற்றியாகிவிட்டது. கூலன்ட்டை வடித்து வெறும் தண்ணீர் ஊற்றியாகிவிட்டது. தண்ணீர் சிந்தினால் காய்ந்துவிடும், கூலன்ட் சிந்தினால் வழுக்கிக்கொண்டே கிடக்கும். பாக்கி இருந்தது லாக் வயர் மட்டும்.

வண்டியில் இருக்கிற ஒரு லிட்டரை ஒட்டிய ஆயிலையும் உள்ளே பிடித்து வைத்திருப்பது அடியில் உள்ள ஒரே ஒரு டிரெயின் போல்ட், ஆயிலை வடிக்கக் கழற்றுகிற போல்ட். அது அதிர்வில் கழன்றால் ஆயில் பின்சக்கரத்தில் பட்டு நான் விழுவேன். அது என் தலையெழுத்து. பின்னால் வருகிறவர்களும் அதே ஆயிலில் வரிசையாக விழுவார்களே, அதனால்தான் போல்டின் தலையில் துளை போட்டுக் கம்பி கட்டச் சொல்கிறார்கள். லேத்துப் பட்டறையில் 1.5 மில்லிமீட்டர் பிட்டை வைத்து, கட்டிங் ஆயில் சொட்டுச் சொட்டாக விட்டு, மூன்று பிட்டை ஒடித்த பிறகுதான் ஒரு போல்டில் துளை விழுந்தது. அன்றைக்கு எனக்கே கொஞ்சம் மரை கழன்றிருந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

அப்புறம் பட்டறைத் தம்பியைப் போனில் கூப்பிட்டு, "வரும்போது கட்டுக்கம்பி கொஞ்சம் வாங்கிட்டு வாடா" என்றேன். லாக் வயர் என்று சொல்லியிருக்கலாம். தமிழில் சொல்கிறேன் பேர்வழி என்று வாய் வந்துவிட்டது. அவன் சரியாகத்தான் வாங்கி வந்தான், சிமெண்ட் கடையில். கான்கிரீட் கம்பி கட்டுகிற, கையால் வளைத்தாலே வளைகிற கறுப்புக் கம்பி. இருட்டிவிட்டது, நானும் அதையே முறுக்கிக் கட்டிவிட்டேன். காலையில் வண்டியைக் குட்டியானையில் ஏற்றி வேலந்தாவளம் செக்போஸ்ட் தாண்டிப் போய் இறக்கினால், வண்டியைச் சோதிக்கிறவர் குனிந்து சுண்டுவிரலால் அந்தக் கம்பியை இழுத்தார். தொளதொளவென்று வந்தது. "பந்தல் போடப் போறீங்களா தம்பி?" என்றார். வேறு ஒருவரிடம் உண்மையான கம்பியை இரவல் வாங்கிக் கட்டி முடிப்பதற்குள் முதல் சுற்று போய்விட்டது.

ஆக, கட்டுக்கம்பி கொத்தனாருக்குச் சொந்தம். அதை விட்டுவிடுவோம்.

காப்புக்கம்பி என்றால் என் காதில் மின்சாரம்தான் விழுகிறது. 'காப்பிடப்பட்ட கம்பி' என்று பள்ளிக்கூடத்துப் பாடப்புத்தகத்திலேயே படித்திருக்கிறோம். மேலே பிளாஸ்டிக் உறை போட்ட வயர் அது. பூட்டுக்கம்பி என்றால் திருடன் பூட்டைத் திறக்க வைத்திருக்கிற கம்பி மாதிரி இருக்கிறது. அண்ணன் கோபித்துக்கொள்ளக் கூடாது. தவிர, லாக் நட்டைப் 'பூட்டுமரை' என்று ஏற்கெனவே பட்டியலில் போட்டிருக்கிறோம். அது உரசலால் இறுகிப் பிடித்துக்கொள்கிறது. இந்தக் கம்பி எதையும் இறுக்குவதில்லை. போல்டை டார்க் ரெஞ்சால் (இறுக்கத்தை அளந்து முறுக்குகிற ஸ்பேனர்) சரியான அளவுக்கு முறுக்கிய பிறகுதான் இதைக் கட்ட வேண்டும். லூசாக இருக்கிற போல்டுக்குக் கம்பி கட்டிப் பிரயோசனம் இல்லை.

இது செய்வது வேறு வேலை. முன்பிரேக் காலிப்பரில் (டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற பாகம்) இரண்டு போல்ட் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். 0.8 மில்லிமீட்டர் ஸ்டெயின்லெஸ் கம்பியை ஒன்றின் துளையில் கோத்து, இரண்டு முனையையும் அங்குலத்துக்கு ஆறு முதல் எட்டு முறுக்கு வருகிற மாதிரி முறுக்கிக்கொண்டே போய் அடுத்ததன் துளையில் கோக்கிறோம். கம்பி நேராகப் போகாது, நடுவில் குறுக்கே சாய்ந்து போகும். அதில்தான் சூட்சுமம். ஒரு போல்ட் இடஞ்சுழியாகக் கழலப் பார்த்தால், அந்த இழுப்பு மற்றதை வலஞ்சுழியாக, இறுகும் பக்கமாக இழுக்கும். அது ஏற்கெனவே இறுகித்தான் இருக்கிறது, அசையாது. அதனால் இதுவும் அசைய முடியாது. ஒன்றுக்கு மற்றது ஜாமீன்.

ஜாமீனுக்கு நம்மிடம் சொல் இருக்கிறதே, பிணை! அதனால் 'பிணைக்கம்பி' என்று வைக்கலாம் என்பது என் முன்மொழிவு.

அன்புடன்,
கொழிஞ்சாம்பாறையிலிருந்து

---

ஐயா, உடனே பதில் போட்டதற்கு நன்றி.

> பிணை என்றால் பிணைக்கைதி நினைவுக்கு வருகிறதே. வேதியியலில் பிணைப்பு வேறு இருக்கிறது.

இருக்கட்டும் ஐயா. வேதியியல்காரர் 'பிணைப்பு' என்கிறார், நாம் 'பிணைக்கம்பி' என்கிறோம், இரண்டும் ஒரே மேசைக்கு வரப்போவதில்லை. கைதி விஷயத்தில், போல்டைக் கைதி என்றால் எனக்கு ஆட்சேபணை இல்லை, தப்பிக்கத்தானே பார்க்கிறது.

ஜாமீனைக்கூட விட்டுவிடுங்கள். களத்தில் மாடுகளைக் கழுத்தோடு கழுத்தாகக் கட்டி நெற்கதிரை மிதிக்க விடுவார்களே, அது பிணையல். தாத்தா 'பொணையல்' என்பார். வரிசையில் ஒரு மாடு நின்றால் பக்கத்து மாடு இழுத்துக்கொண்டு போகும். இப்போது எங்கள் ஊரில் அறுவடை மெஷின்தான், பிணையலைக் கண்ணால் பார்த்து நாளாயிற்று. ஆனாலும் காலிப்பருக்குக் கம்பி கட்டும்போது எனக்கு அந்த மாடுகள்தான் நினைவுக்கு வரும்.

> டிரெயின் போல்ட் ஒற்றை. அது யாரோடு பிணையும்?

நல்ல கேள்வி, இதற்கு நான் கொஞ்சம் திணறினேன். ஒற்றை போல்டுக்குப் பக்கத்தில் எஞ்சினிலேயே அசையாத ஒரு காதோ பிராக்கெட்டோ பார்த்து அதில் கட்டுவோம். இழுப்பு இறுகும் பக்கமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். மாட்டையும் முளைக்குச்சியில் கட்டுகிறோமே. ஜோடி இல்லையென்றாலும் பிணைக்க ஏதோ ஒன்று தேவை என்பதால் சொல் நிற்கிறது என்றே நினைக்கிறேன்.

கிளைச்சொற்களையும் சொல்லிப் பார்த்துவிட்டேன். போல்ட் தலையில் போடுவது பிணைத்துளை. முறுக்குகிற குறடு பிணைக்கம்பிக் குறடு; நீளம்தான், பட்டறையில் அது 'பிணைக்குறடு' என்று தானாகச் சுருங்கிவிடும். 'பிணைக்கம்பி இட்டாயிற்றா?' என்று கேட்டால் காதில் உறுத்தவில்லை. காப்புக்கம்பியை வைத்து இதே மாதிரி செய்து பாருங்கள், 'காப்புத்துளை' என்று வரும். நகைக்கடைக்காரர்தான் திரும்பிப் பார்ப்பார்.

லேத்துப் பட்டறைச் சேட்டனிடமும் காட்டினேன். மலையாளத்திலும் பிணை உண்டு என்பதால் விளக்கமே தேவைப்படவில்லை. "கொள்ளாம்", அதாவது நன்றாக இருக்கிறது, என்றார்.

பட்டியலில் இந்தச் சொல்லுக்குப் பொருள் இப்படி இருக்கலாம் (மரையாணி என்பது போல்ட்): 'இறுக்கிய மரையாணி அதிர்வில் கழலாதபடி, அதன் தலைத்துளையில் கோத்து, மற்றொரு மரையாணியோடோ அசையாத பாகத்தோடோ இறுகும் திசையில் முறுக்கிக் கட்டும் கம்பி. ஒருமுறை அவிழ்த்ததை மீண்டும் பயன்படுத்துவதில்லை.' கடைசி வரி அகராதிக்குத் தேவையில்லை என்பீர்கள். பட்டறைத் தம்பிக்காக அது இருக்கட்டும் ஐயா, போன வாரம் பழைய கம்பியை நீவி நேராக்கிக்கொண்டிருந்தான்.