ஜிம்னியில் ஆஃப்ரோடு போக என்ன டூல்ஸ், எப்படிக் கட்டி வைப்பது?

செம்மண்தடம்:
வணக்கம் நண்பர்களே. மாருதி ஜிம்னி, 5 கதவு, மேனுவல் கியர். இரண்டு பேர்தான் போவோம், பின்சீட்டு மடித்தே இருக்கும். எஸ்டேட் கல்ரோடு, வறண்ட ஆற்றுப்படுகை, கொஞ்சம் தேரி மணல், இவ்வளவுதான் நம் பாதை. 21 கிலோ இரும்பு டூல் பெட்டி, பாட்டில் ஜாக்கி, மண்வெட்டி, கம்ப்ரசர் எல்லாவற்றையும் டிக்கியில் போட்டு ரப்பர் கயிறு மாட்டியிருக்கிறேன். கல்ரோட்டில் ஒரே சத்தம், பெட்டி இடம் மாறிவிடுகிறது. எதைக் குறைக்கலாம்? தரையில் ஸ்க்ரூ அடித்துப் பெட்டியை இறுக்கிவிடலாமா?

பன்னிரண்டுபதினாலு:
கட்டுவதற்கு முன் எடையைக் குறையுங்கள். வீட்டு வாசலில் ஒரு சாக்கை விரித்து, வழியில் உங்களால் உண்மையிலேயே செய்ய முடிந்த வேலைகளை மட்டும் செய்து பாருங்கள்: டயர் மாற்றுவது, பேட்டரி டெர்மினல், ஏர் ஃபில்டர், அடித்தகட்டுக் கவசம், ஷாக் அப்சார்பர் போல்ட்டு. கையில் எடுத்த டூலைச் சாக்கில் வையுங்கள். பெட்டியிலேயே தங்கியது வீட்டிலேயே இருக்கட்டும்.

சுசுகியில் பெரும்பாலும் 8, 10, 12, 14, 17, 19 எம்.எம். ஸ்பேனர், சாக்கெட் போதும். கடையில் விற்கும் செட்டில் 11, 13, 15, 16, 18 எல்லாம் சேர்ந்தே வரும், அது வெறும் பாரம். எட்டு எம்.எம். மரை போல்ட்டுக்கு சுசுகியில் தலை 12, மஹிந்திராவில் 13. கூட வருவது மஹிந்திரா தார் வண்டி என்றால் 13, 15, 16, 18-ஐ அவர்கள் எடுத்து வரட்டும். 12 போல்ட்டில் 13 சாக்கெட்டைப் போட்டால் தலை உருண்டுவிடும், பிறகு கொறடுதான் கதி.

வீல் நட்டுக்கு 19 டீப் சாக்கெட்டும், அதில் செருக அரை இன்ச் சதுர முனையுள்ள 45 செ.மீ. நீளக் கைப்பிடிக் கம்பியும் கட்டாயம். இறுக்கம் 100 நியூட்டன் மீட்டர். அந்தக் கம்பியின் முனையில் ஏறக்குறைய 23 கிலோ அழுத்தினால் அந்த இறுக்கம் வந்துவிடும். 25 செ.மீ. எல் ஸ்பேனரில் அதற்கே 40 கிலோ வேண்டும். அதனால்தான் பலர் மேலே ஏறி மிதிக்கிறார்கள், நட்டு ஏறும் ஸ்டட் இழுபட்டுவிடுகிறது.

மீதி: 16 கேஜ் கட்டுக்கம்பி 3 மீட்டர், இரண்டு அளவு ஹோஸ் கிளிப், எம்-சீல், வால்வு பின் 4 மற்றும் அதைக் கழற்றும் சாவி, பஞ்சர் குச்சி, மாற்று ஃப்யூஸ், நல்ல கையுறை. பஞ்சர் குச்சி டயரின் தரை படும் பக்கத்துக்கு மட்டும். பக்கச்சுவர் கிழிந்தால் ஸ்டெப்னிதான், குச்சி போட்டு ஓட்டாதீர்கள்.

பட்டைக்காரன்:
ஸ்க்ரூ வேண்டவே வேண்டாம். தகரத்துக்குக் கீழே பெட்ரோல் டேங்க், பிரேக் பைப், ஒயரிங் எங்கே போகிறது என்று பார்க்காமல் துளை போடக்கூடாது. தகரத்தில் ஏறிய ஸ்க்ரூ இழுப்புக்குத் தாங்கவும் தாங்காது.

50 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி மோதி 60 செ.மீ. தூரத்துக்குள் நின்றால் அதன் மீது புவியீர்ப்பைப் போல 16 மடங்கு விசை விழும். உங்கள் 21 கிலோ பெட்டி 340 கிலோவாக முன்சீட்டை நோக்கி வரும். ரப்பர் கயிறு அந்த நொடியில் நீண்டு வழிவிடும். அதன் கம்பிக் கொக்கி தெறித்தால் கண்ணுக்கே ஆபத்து.

25 எம்.எம். பாலியஸ்டர் ராட்செட் பட்டை வாங்குங்கள். நைலான் நனைந்தால் நீளும். லேபிளைத் திருப்பிப் பாருங்கள்: எல்.சி. (பட்டை தாங்கும் கட்டுவிசை) என்ற எழுத்துக்குப் பக்கத்தில் டெகாநியூட்டன் கணக்கு இருக்கும், 1 டெகாநியூட்டன் கிட்டத்தட்ட 1 கிலோ விசை. நேராக இழுக்கும்போது 500 இருக்கட்டும். சில லேபிள்களில் சுற்றிக் கட்டும்போது உள்ள இரட்டிப்பு எண் மட்டுமே பெரிதாக இருக்கும், அதை நம்பி ஏமாறாதீர்கள். எல்.சி. எண்ணே இல்லாத பட்டை வேண்டாம்.

மேலே குறுக்காக ஒரு பட்டை போட்டால் அது பெட்டியைத் தரையோடு அழுத்தும், அவ்வளவுதான். முன்னோக்கிப் போவதைத் தடுக்க, பெட்டியின் முன்முகத்தைச் சுற்றி வந்து பின்னாலிருக்கும் இரும்பு வளையத்தில் முடிய வேண்டும். ராட்செட் உருளையில் பட்டை இரண்டு மூன்று சுற்று விழட்டும். ஒரு சுற்றில் நின்றால் நழுவும், முழுக்க நிறைந்தால் சிக்கிக்கொண்டு அவிழவே அவிழாது. பெட்டியின் கூர்விளிம்பில் பழைய ட்யூப் துண்டை மடித்து வையுங்கள். கல்ரோட்டில் அந்த விளிம்பு பட்டையை ரம்பம் போல அறுக்கும்.

வளையம் போதவில்லை என்றால், 12 எம்.எம். தண்ணீர் தாங்கும் பிளைவுட்டை மடித்த சீட்டின் பின்னாலுள்ள தரை அளவுக்கு வெட்டி, வண்டியில் ஏற்கெனவே இருக்கும் மரைத்துளைகளில் இறுக்குங்கள். பலகையில் எட்டு எம்.எம். ஐ-போல்ட் (வளையத் தலை போல்ட்), அடியில் 30 எம்.எம். வாஷர். மேலே ரப்பர் பாய் ஒட்டினால் சத்தம் பாதி போய்விடும். சிலர் பின்சீட்டு பெல்ட்டின் போல்ட்டைக் கழற்றி வளையம் மாட்டுகிறார்கள். அந்த மரை பொதுவாக 7/16 இன்ச் யு.என்.எஃப். (இன்ச் கணக்கு நுண்மரை), இன்ச்சுக்கு 20 மரை. பத்து எம்.எம். போல்ட் தொளதொளக்கும், பன்னிரண்டைத் திணித்தால் மரை பிய்ந்துவிடும். சீட்பெல்ட் துளையில் கை வைக்கவே நான் சொல்லமாட்டேன்.

இரும்புப் பெட்டியை விடுங்கள். சீட் கவர் தைப்பவரிடம் கனத்த கான்வாஸில், ஒவ்வொரு ஸ்பேனருக்கும் ஓர் அறை வைத்துச் சுருட்டுப் பை தைத்து வாங்குங்கள். இரும்போடு இரும்பு உரசினால் பூச்சு தேய்ந்து துரு பிடிக்கும். பை மூன்று நான்கு கிலோதான், கட்டுவதும் சுலபம்.

ஆக்சில்மேடு:
ஜாக்கி பற்றி. பாட்டில் ஜாக்கியை நிமிர்த்தியே வையுங்கள். ராம் (மேலே எழும் தண்டு) முழுக்க உள்ளே, வால்வு மூடியிருக்க வேண்டும். படுக்க வைத்தால் எண்ணெய் கசியும், காற்று ஏறி, தேவைப்படும்போது பாதி உயரம்தான் எழும். ஜிம்னிக்கு முன்னும் பின்னும் ரிஜிட் ஆக்சில், அதாவது இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் ஒரே குழாய். சேஸிஸில் தூக்கினால் ஸ்பிரிங் முழுக்க விரிந்த பிறகுதான் டயர் தரையை விடும். ஆக்சில் குழாயில் கொடுத்தால் சீக்கிரம் எழும். டிஃபரன்ஷியல் மூடியில் மட்டும் கொடுக்காதீர்கள்.

தேரி மணலில் 10 செ.மீ. ஜாக்கி அடி புதைந்துவிடும். அடியில் 30 செ.மீ. சதுரம், 18 எம்.எம். பிளைவுட் துண்டு வையுங்கள். பரப்பு ஒன்பது மடங்கு, அழுத்தம் ஒன்பதில் ஒரு பங்கு. அந்தத் துண்டையே பெட்டிக்கு அடியில் கட்டி எடுத்துப் போகலாம்.

இழுவைக் கயிறு: வண்டியின் மொத்த எடை 1,545 கிலோ. அதைப் போல இரண்டு மூன்று மடங்கு அறுவிசை போதும், அதாவது 3 முதல் 4.6 டன். 8 டன் ஸ்னாட்ச் பெல்ட் (நீண்டு சுருங்கி இழுக்கும் பட்டை) இந்த எடைக்கு நீளவே நீளாது, வெட்டு முழுவதும் டோ ஹூக்கில் விழும். ஷேக்கில் (பின் போட்டு மூடும் U வடிவ இரும்பு வளையம்) 3.25 டன் எடுத்துக்கொள்ளுங்கள். பின்னை முழுக்க இறுக்கி, கால் சுற்று திருப்பி விட வேண்டும். இல்லாவிட்டால் இழுத்த பிறகு கழற்ற முடியாது.

செம்மண்தடம்:
மிக்க நன்றி. மண்வெட்டியையும் கம்ப்ரசரையும் பின்கதவு ஸ்டெப்னி மேல் மாட்டலாமா?

பட்டைக்காரன்:
வேண்டாம். கீல் ஏற்கெனவே ஸ்டெப்னி எடையைத் தாங்குகிறது. கல்ரோட்டில் ஒவ்வொரு குதியிலும் அது பெருகும். மண்வெட்டிக்கு சாக்கு உறை போட்டுப் பலகையின் ஓரத்தில், இலை பின்பக்கம் பார்க்கப் படுக்க வைத்து இரண்டு இடத்தில் கட்டுங்கள். கம்ப்ரசர் முன்சீட்டுக்குப் பின்னால் தரையில் இருக்கட்டும், டயர் வேலையில் முதலில் கை போவது அதற்குத்தான். அதை 12 வோல்ட் சாக்கெட்டில் செருகாமல் நேரே பேட்டரியில் கவ்வியால் மாட்டுங்கள். பெரிய கம்ப்ரசர் 20 ஆம்பியருக்கு மேல் இழுத்தால் சாக்கெட் ஃப்யூஸ் போய்விடும்.

கிளம்பி முதல் 10 கி.மீ. கல்ரோடு முடிந்ததும் நிறுத்தி எல்லா ராட்செட்டையும் ஒரு பல் கூட்டுங்கள். பட்டை அதற்குள் படிந்து தளர்ந்திருக்கும்.