புதுப்பிப்பு: அப்பாவின் ஏஎஃப்பி ஏன் கூடியது?

ஹெபடைடிஸ் பி (கல்லீரலைத் தாக்கும் வைரஸ் தொற்று) உள்ள அப்பாவுக்கு, கல்லீரல் புற்றுநோய்க்காகப் பார்க்கும் ஏஎஃப்பி என்ற புரதம் ரத்தத்தில் கூடியிருக்கிறது, கல்லீரல் புற்றுநோய்தானா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கான்ட்ராஸ்ட் (ஸ்கேனில் பளிச்சென்று தெரியும் மருந்து) கொடுத்து சிடி எடுத்ததில் கட்டி எதுவும் இல்லை. வைரஸ் தீவிரமாகி கல்லீரல் வீங்கியிருந்ததுதான் காரணம். ஏஎஃப்பி கருவின் கல்லீரல் சுரக்கும் புரதம். சேதமான கல்லீரல் செல்கள் மறுபடி வளரும்போதும் அது கூடுமாம். வைரஸ் மாத்திரை தொடங்கியதும் அளவு இறங்க ஆரம்பித்துவிட்டது.

ஏஎஃப்பி ஒரு மில்லிலிட்டருக்கு 400 நானோகிராமைத் தாண்டினால் புற்றுநோய்ச் சந்தேகம் வலுக்கும். ஆனால் தலைகீழாகவும் நடக்கும்: சிறிய கட்டி இருந்தும் ஏஎஃப்பி சாதாரணமாகவே இருக்கலாம். எனக்கு இதுதான் பெரிய அதிர்ச்சி. அதனால் ரிப்போர்ட்டில் அந்த ஓர் எண்ணை மட்டும் பார்த்து அழவும் வேண்டாம், நிம்மதி அடையவும் வேண்டாம். ஸ்கேன்தான் முக்கியம்: சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறி இறுகுவது) உள்ளவருக்கு, தமனிக் கட்டத்தில், அதாவது கான்ட்ராஸ்ட் தமனி வழியாகக் கல்லீரலுக்கு வரும்போது, பளிச்சென்று தெரிந்து பிறகு மங்கும் கட்டி ஸ்கேனில் இருந்தால், புற்றுநோய் என்று உறுதிசெய்யப் பெரும்பாலும் பயாப்சிகூட (திசு எடுத்துச் சோதிப்பது) தேவைப்படாது.

கல்லீரல் புற்றுநோய்க்காகப் பார்க்கும் இன்னொரு ரத்தப் பரிசோதனையான பிவ்கா-2 பற்றி ஒருவர் கேட்டிருந்தார். வார்ஃபரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) சாப்பிட்டாலோ வைட்டமின் கே குறைந்தாலோ அதுவும் ஏறும். மருந்துப் பட்டியலை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

அப்பாவுக்கு இனி 6 மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்டும் ஏஎஃப்பியும்.