புதனின் சுற்றுப்பாதை மூடவில்லை, விரிந்துகொண்டே போகிறது. உதவுங்கள்

தவிப்பு_21: பைத்தானில் புதன் கோளின் பாதையை வரைகிறேன். நீள்வட்டம் வர வேண்டிய இடத்தில் சுருள் வருகிறது, ஒவ்வொரு சுற்றும் முந்தையதைவிடப் பெரிது. விசைச் சூத்திரம் சரிதான், பார்த்துவிட்டேன். நாளைக்கு ப்ராஜெக்ட் காட்டணும். அவசரம்!

கோடுபோடு: பாதையைப் படிப்படியாகக் கணக்கிட எந்த முறை? ஆய்லரா, ரங்கே-குட்டாவா? டைம் ஸ்டெப், அதாவது ஒரு படிக்கு எவ்வளவு நேரம்? தொடக்க மதிப்புகள்? எதையும் சொல்லாவிட்டால் ஜோசியம்தான் பார்க்கணும்.

விண்ரசிகன்: இது ஐன்ஸ்டீன் விளைவு! புதனின் பாதை திரும்புவதை 1915-ல் அவர்தான் விளக்கினார். அவருடைய ஈர்ப்புக் கோட்பாடான பொதுச் சார்பியலைச் சேருங்கள்.

கோடுபோடு: அது நூற்றாண்டுக்கு 43 வில்விநாடி (ஒரு வில்விநாடி என்பது பாகையில் 3600-ல் ஒரு பங்கு). அதற்குள் புதன் 415 தடவை சுற்றிவிடும். திரையில் எங்கே தெரியப்போகிறது? தவிர, அது நீள்வட்டத்தைத் திருப்புமே ஒழிய பெரிதாக்காது.

பழையசுண்ணாம்பு: கணினியே எதற்கு? ஆரத்தின் தலைகீழியை மாறியாக வைத்து பினே சமன்பாட்டை எழுதினால் இரண்டே வரியில் நீள்வட்டம். இந்தக் காலத்துப் பிள்ளைகள் பேனாவை எடுத்தால்தானே.

மூன்றாம்விதி: சார், பினே கோணத்துக்கு ஆரத்தைச் சொல்லும். பத்தாம் நாள் புதன் எங்கே என்று கேட்டால்? நேரத்தையும் கோணத்தையும் இணைக்கும் கெப்ளர் சமன்பாட்டுக்குத்தான் போகணும். அதில் கோணமும் அதன் சைனும் சேர்ந்தே நிற்கும், பிரித்தெடுக்க முடியாது.

பழையசுண்ணாம்பு: தோராய விடையைத் திருத்தித் திருத்தி நெருங்கும் நியூட்டன்-ராப்சன் முறையை நாலு தடவை போட்டால் விடை வந்துவிடும். மையத்தொலைத்தகவு (நீள்வட்டம் எவ்வளவு நீண்டது என்ற அளவு, வட்டத்துக்கு 0) வெறும் 0.206. நாங்கள் லாக் புத்தகத்தை வைத்தே போட்டவர்கள்.

மூன்றாம்விதி: வியாழனின் ஈர்ப்பையும் சேர்த்தால் லாக் புத்தகம் என்ன செய்யும் சார்?

தவிப்பு_21: தொடக்கத்தில் சூரியனிலிருந்து தூரம் 4.6 கோடி கி.மீ., வேகம் நொடிக்கு 59 கி.மீ., சூரியனை நோக்கிய கோட்டுக்குச் செங்குத்தாக. ஸ்டெப் ஒரு நாள். முறையின் பெயர் தெரியாது. பழைய வேகத்தால் இடத்தையும், பழைய இடத்து முடுக்கத்தால் வேகத்தையும் மாற்றுகிறேன்.

கோடுபோடு: சாதா ஆய்லர். ஒவ்வொரு ஸ்டெப்பிலும் கோண உந்தத்தை (சுற்றும் இயக்கத்தின் அளவு) அச்சிட்டுப் பாருங்கள். எப்போதும் சூரியனை நோக்கியே இழுக்கும் மைய விசையில் அது மாறவே கூடாது. உங்களுக்குச் சூரியனுக்கு மிக அருகே ஒரே ஸ்டெப்பில் சுமார் 1% ஏறும். முதலில் வேகத்தை மாற்றி, அந்தப் புது வேகத்தால் இடத்தை நகர்த்துங்கள், கோண உந்தம் அப்படியே நிற்கும். நீள்வட்டம் கொஞ்சம் திரும்பலாம். ஸ்டெப்பைப் பாதியாக்கினால் அந்தத் திருப்பம் ஏறக்குறைய கால்வாசியாகும்.

விண்ரசிகன்: பார்த்தீர்களா, திரும்புகிறதே!

கோடுபோடு: அது கணக்கீட்டுப் பிழை ஐயா. நியூட்டனை மட்டும் எழுதிய நிரலுக்குள் ஐன்ஸ்டீன் எப்படி நுழைவார்?

தவிப்பு_21: மூடிவிட்டது. நன்றி அண்ணா.

மூன்றாம்விதி: ஸ்டெப் எவ்வளவு வைத்தீர்கள் தம்பி?