‘ஊசி நீளம்’ என்ற சொல் போதுமா?

அனைவருக்கும் வணக்கம்.

நீரிழிவு உள்ள பெரியவர்களுக்கு ஹெப்படைட்டிஸ் பி (கல்லீரல் அழற்சி) தடுப்பூசி போடுவது பற்றிய குறிப்பில் ‘ஊசி நீளம்’ என்றே எழுதிவிடலாம் என்னும் கருத்தில் எனக்குத் தயக்கம் உண்டு. தமிழில் ‘ஊசி’ குத்தும் கருவியையும் குறிக்கும், உள்ளே செல்லும் மருந்தையும் குறிக்கும். ‘சின்ன ஊசிதான்’ என்று செவிலியர் சொன்னால், சிறியது மருந்தின் அளவா, கருவியின் நீளமா என்பது கேட்பவருக்கு விளங்காது.

இன்சுலின் போட்டுக்கொள்பவர்களிடம் இக்குழப்பம் கூடுதல். அவர்களுள் பலர் நாள்தோறும் கையாளும் பேனா ஊசியின் நீளம் 4 மில்லிமீட்டர்தான். அது தோலடிக் கொழுப்போடு நின்றுவிட வேண்டும். தசைக்குள் போனால் இன்சுலின் விரைந்து உறிஞ்சப்பட்டு, சர்க்கரை அளவு சட்டென்று இறங்கக்கூடும். ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசிக்கோ நேர்மாறான நிலை: அது தோளுக்குக் கீழுள்ள டெல்டாய்டு தசைக்குள் சேர வேண்டும், கொழுப்பிலேயே தங்கிவிட்டால் நோயெதிர்ப்பாற்றல் குறைவாக உருவாக வாய்ப்புண்டு. ஒன்று தசையைத் தொடாதிருக்க வேண்டிய நீளம், மற்றது தொட்டாக வேண்டிய நீளம். எனவே பின்னதற்குத் ‘தசைதொடு நீளம்’ என்னும் வினைத்தொகையை முன்மொழிகிறேன்.

முதலில் தசையை எட்டும் நீளம் என்ற பொருளில் ‘எட்டுநீளம்’ என்றுதான் எழுதி வைத்திருந்தேன். 8 மில்லிமீட்டர் இன்சுலின் ஊசியும் விற்பனையில் இருப்பதால், ‘எட்டு’ என்பதை எண்ணாகவே படிப்பார்கள் என்று தோன்றியதும் அடித்துவிட்டேன்.

‘நீரிழிவு’ என்ற அடையைச் சொல்லில் சேர்க்க வேண்டாம். தடுப்பூசிக்கான ஊசியின் நீளத்தை முடிவு செய்வது நோயன்று; உடல் எடையும் பாலினமும், அதாவது தோலுக்கும் தசைக்கும் இடையிலுள்ள கொழுப்பின் தடிமனுமே. அமெரிக்க வழிகாட்டுதலின்படி 70 கிலோ வரை எடையுள்ளவர்களுக்கு 25 மில்லிமீட்டர் போதும். 90 கிலோவுக்கு மேற்பட்ட பெண்களுக்கும் 118 கிலோவுக்கு மேற்பட்ட ஆண்களுக்கும் 38 மில்லிமீட்டர் தேவை. இடைப்பட்டோருக்கு இவ்விரண்டில் ஒன்று. 60 கிலோவுக்குக் குறைந்தவர்களுக்கு 16 மில்லிமீட்டரும் பயன்படலாம். ஆனால் தோலைக் கிள்ளித் தூக்காமல் இழுத்து விரித்துப் பிடித்து, நேர்க்குத்தாகச் செலுத்த வேண்டும். கிள்ளித் தூக்கினால் கொழுப்பு மேடிட்டு, அதே ஊசி தசையை எட்டாமல் போகும். ஆகவே தசைதொடு நீளம் என்பது ஊசி உறையில் அச்சிட்ட எண் மட்டுமன்று, ஆளின் உடல்வாகையும் தோலைப் பிடிக்கும் முறையையும் பொறுத்தது என்று வரையறையில் ஒரு வரி சேர்ப்பது நல்லது.

ஊசி எவ்வளவு தடிமன் என்பதைக் காட்டும் ‘கேஜ்’ (gauge) என்ற எண்ணுக்குப் ‘பருமன் எண்’ என்று முன்பு எழுதியவர் நானே. அதைத் திரும்பப் பெறுகிறேன். 22ஆம் எண் ஊசியைவிட 25ஆம் எண் ஊசி மெல்லியது. எண் கூடக் கூடப் பருமன் குறையும்போது அச்சொல் தலைகீழாகப் பொருள்தரும். ‘நுண்மை எண்’ பொருந்தும் எனக் கருதுகிறேன். ‘தசைதொடு’ என்பதைவிடச் சுருக்கமான சொல் எவருக்கேனும் தோன்றினால் எழுதுங்கள். ‘எட்டு’ மட்டும் வேண்டாம்.