தீப்பொறி முந்தல்: ஒரு சொல் முன்மொழிவு

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

சிறிய எஞ்சின்களைப் பற்றி நான் எழுதிவரும் கையேட்டுக்காக, "இக்னிஷன் டைமிங் அட்வான்ஸ்" (பிளக்கில் தீப்பொறி விழும் கணத்தைச் சற்று முன்கூட்டி வைப்பது) என்பதைத் தமிழில் எப்படிச் சொல்லலாம் என்று கேட்டிருந்தேன். "எரிபற்றல் நேர முன்னேற்றம்", "முன்பற்றல்", "பற்றவைப்பை முன்னகர்த்தல்" என்று மூன்று சொற்கள் வந்தன. அக்கறையோடு எழுதிய அனைவருக்கும் நன்றி. மூன்றையும் கையேட்டின் ஒரே அதிகாரத்தில் மாற்றி மாற்றி வைத்துப் படித்துப் பார்த்தேன். மூன்றும் வெவ்வேறு இடங்களில் வாசகரைத் தவறான பக்கம் திருப்பிவிடுகின்றன என்பதால், காரணங்களோடு வேறொரு சொல்லை முன்மொழிகிறேன்.

அந்த அதிகாரம் யமஹா பான்ஷீ என்ற ஏ.டி.வி. (மணல், கரடுமுரடான தரையில் ஓடும் நான்கு சக்கர) வண்டியைப் பற்றியது. அமெரிக்கச் சந்தையில் 1987 முதல் 2006 வரை விற்ற இந்த வண்டியில் இருப்பது 347 சிசி கொள்ளளவும் இரட்டை சிலிண்டரும் நீர்க்குளிர்ப்பும் கொண்ட இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின். கலிபோர்னியாவின் கிளாமிஸ் மணற்குன்றுகளில் இதை ஓட்டுபவர்கள் செலவில்லாமல் செய்துகொள்ளும் முதல் மாற்றங்களில் ஒன்று, தீப்பொறி விழும் கணத்தை, எஞ்சினின் சுழற்சிக் கோணத்தில் ஏறத்தாழ 4 பாகை முந்தச் செய்வதாகும்.

பிளக்கில் பொறி விழுந்தவுடன் சிலிண்டரில் உள்ள கலவை முழுவதும் எரிந்துவிடுவதில்லை. தீ பரவ நேரம் வேண்டும். பிஸ்டன் உச்சநிலையைத் தாண்டி ஏறத்தாழ 15 பாகை இறங்கும்போது அழுத்தம் உச்சத்தை எட்டினால்தான் தள்ளுவிசை வீணாகாது. ஆகவே பிஸ்டன் இன்னும் ஏறிக்கொண்டிருக்கும்போதே பொறியை விழவைக்கிறோம். நிமிடத்துக்கு 6000 சுற்றில் ஒரு முழுச் சுற்றுக்கு 10 மில்லிநொடிதான் ஆகிறது. அதில் 4 பாகை என்பது 0.11 மில்லிநொடி. 3000 சுற்றில் அதே 4 பாகை 0.22 மில்லிநொடி ஆகிவிடுகிறது. நாம் மாற்றி வைப்பது கோணத்தைத்தான். நேரம் எஞ்சினின் வேகத்தைப் பொறுத்து மாறிக்கொண்டே இருக்கும். "நேர முன்னேற்றம்" என்ற தொடரில் உள்ள "நேரம்" இந்த இடத்திலேயே பொருந்தாமல் போகிறது.

"முன்னேற்றம்" அதைவிடப் பெரிய சிக்கல். தமிழில் அது வளர்ச்சியைக் குறிக்கும் சொல்; படிப்பவர் மனத்தில் "கூடக் கூட நல்லது" என்ற எண்ணத்தை அது விதைத்துவிடும். உண்மை அப்படி இல்லை. அளவுக்கு மேல் முந்த வைத்தால், தீ பரவி முடியும் முன்பே மிச்சக் கலவை தானாக வெடித்து எஞ்சின் இடிக்கும். பிஸ்டனின் தலையில் ஊசியால் குத்தியதுபோலச் சிறு குழிகள் விழும். அளவோடு வைத்தாலும், இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினில் புகைவாயுவின் சூடு குறைந்து, சைலன்சர் குழாய்க்குள் ஒலியலை மெதுவாகப் பயணம் செய்வதால், நடுத்தர வேகத்தில் இழுவை கூடுகிறதே தவிர, உச்ச வேகத்தில் எஞ்சின் முன்னைவிடச் சீக்கிரமே ஓய்ந்துவிடுகிறது. ஒரு பக்கம் கொடுத்து மறுபக்கம் வாங்கும் இந்த மாற்றத்துக்கு "முன்னேற்றம்" என்று பெயர் வைப்பது, அதைச் செய்துபார்க்கப் போகிறவருக்கு நாம் இழைக்கும் அநீதி என்றே எண்ணுகிறேன்.

"முன்பற்றல்" சுருக்கமான, அழகான சொல். ஆனால் அதை வேறொன்றுக்காகக் காப்பாற்றி வைக்க வேண்டும். பழுக்கக் காய்ந்த கரித்துகளோ, வெப்பத் தரம் பொருந்தாத பிளக்கின் நுனியோ, பொறி விழும் முன்பே கலவையைப் பற்றவைத்துவிடும் கோளாறு ஒன்று உண்டு. அதற்குத்தான் இந்தப் பெயர் கச்சிதமாகப் பொருந்துகிறது. டைமிங் அட்வான்ஸ் நாம் வேண்டுமென்றே செய்யும் ஒழுங்கு. இந்தக் கோளாறோ சில நொடிகளில் பிஸ்டனை ஓட்டையாக்கிவிடக்கூடிய கேடு. இரண்டுக்கும் ஒரே சொல் இருந்தால், "முன்பற்றல் 4 பாகை வைக்கவும்" என்று ஒரு பக்கத்திலும் "முன்பற்றல் தென்பட்டால் எஞ்சினை உடனே நிறுத்தவும்" என்று அடுத்த பக்கத்திலும் எழுத வேண்டியிருக்கும்.

மூத்த பொறியாளர் ஐயா பரிந்துரைத்த "முன்னகர்த்தல்" என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது. முதலில் அதையே ஏற்பதாகவும் இருந்தேன். அந்தச் சொல்லோடு செய்முறைப் பகுதியை எழுத உட்கார்ந்தபோதுதான் தடுமாற்றம் வந்தது. பான்ஷீயில் இடப்பக்க மூடியைக் கழற்றி, புல்லர் என்ற கருவியைப் போட்டு மேக்னட்டை (எஞ்சினோடு சுழலும் காந்தச் சக்கரத்தை) உருவினால், அதன் பின்னால் காயில்கள் பூட்டிய தட்டு இருக்கும். பொறிக்கான சைகை தரும் பிக்கப் காயிலும் அந்தத் தட்டிலேயே இருக்கிறது. பொறி சீக்கிரம் விழ வேண்டுமானால், அந்தத் தட்டை மேக்னட் சுழலும் திசைக்கு எதிராக, அதாவது பின்னோக்கித் திருப்ப வேண்டும். அப்போதுதான் மேக்னட் பிக்கப் காயிலை முன்கூட்டியே வந்து சந்திக்கும். "முன்னகர்த்துக" என்று படித்தவர் தட்டைச் சுழற்சித் திசையிலேயே திருப்பினால், வேண்டியதற்கு நேர் எதிரானது நடந்துவிடும். வேறு சில எஞ்சின்களில் தட்டைத் தொடாமல், மேக்னட்டைத் தண்டோடு பிணைக்கும் சாவி என்ற சிறு உலோகத் துண்டைப் படி வைத்து வெட்டிப் போட்டு மேக்னட்டையே சுழற்சித் திசையில் சற்று முன்தள்ளிப் பூட்டுவார்கள். ஒன்றில் உறுப்பு பின்னே போகிறது, மற்றொன்றில் முன்னே போகிறது, விளைவு ஒன்றேதான். ஆகவே, நமக்கு வேண்டிய சொல் உறுப்பின் நகர்வைச் சொல்லாமல், பொறி எப்போது விழுகிறது என்பதைச் சொல்ல வேண்டும்.

இதனால்தான் "தீப்பொறி முந்தல்" என்பதை முன்மொழிகிறேன். எதிர்ச்சொல் "தீப்பொறி பிந்தல்". கோணத்தின் அளவைச் சொல்ல "முந்துகோணம்". வினையாக வரும்போது "பொறியை முந்தவை", "பொறியைப் பிந்தவை". பாயிண்ட் (பொறிக்காகத் திறந்து மூடும் மின் தொடுமுனைகள்) வைத்த பழைய புல்லட்டில், பாயிண்டுகளுக்கு நடுவே சிகரெட் தாளைச் செருகி, எஞ்சினைக் கையால் மெல்லச் சுழற்றி, தாள் பிடி விட்டு நழுவும் கணத்தைப் பார்த்து டைமிங் வைத்த மெக்கானிக்குகள், கிக்கர் காலைத் திருப்பி அடித்தால் "கரண்ட் முந்திவிட்டது" என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். சொல் பட்டறையில் ஏற்கெனவே புழங்குகிறது. நாம் அதை ஏட்டில் ஏற்ற வேண்டியதுதான் மிச்சம். டீசல் எஞ்சினுக்கு வரும்போது "பீச்சல் முந்தல்" என்றும், வால்வுகளுக்கு "வால்வு முந்தல்" என்றும் தடையின்றி நீட்டிக்கொள்ளலாம்.

"பொறி" என்றால் இயந்திரம் என்றும் பொருள்படுமே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. எஞ்சினையே "பொறி" என்று எழுதும் நூல்களில் "பொறி முந்தல்" என்று சுருக்கினால் குழப்பம் வரும். எனவே தலைப்பிலும் முதல் முறை வரும் இடத்திலும் "தீப்பொறி முந்தல்" என்று முழுமையாக எழுதி, பிறகு "முந்தல்" என்று மட்டும் சொல்வதே நல்லது. "அட்வான்ஸ் எவ்வளவு?" என்று இன்று கேட்பவர் நாளை "முந்தல் எவ்வளவு?" என்று கேட்பதில் நாக்குக்குச் சிரமம் இல்லை.

கையேட்டின் ஒரு பத்தியை இந்தச் சொற்களோடு திருத்தி எழுதியிருக்கிறேன். சத்தமாகப் படித்துப் பார்த்து, எந்த இடத்தில் தடுக்குகிறது என்று எழுதுங்கள்:

"தட்டின் திருகுகளைத் தளர்த்தும் முன், அதன் இப்போதைய நிலையை ஊசியால் கீறிக் குறித்துக்கொள்ளவும். தட்டை மேக்னட் சுழலும் திசைக்கு எதிராகத் திருப்பினால் தீப்பொறி முந்தும். சுழலும் திசையில் திருப்பினால் பிந்தும். முந்தலை 4 பாகைக்கு மேல் கூட்ட வேண்டாம். கூட்டியபின் முழுச் சுமையில் எஞ்சின் இடித்தால், ஆக்டேன் கூடிய பெட்ரோலுக்கு மாறவும் அல்லது முந்தலைக் குறைக்கவும்."

ஈழத்து நண்பர்களிடம் தனியாக ஒரு கேள்வி. "பிந்துதல்" உங்கள் அன்றாடப் பேச்சில் இயல்பாக வருகிறது. தமிழகத்தின் வட மாவட்டங்களில் "லேட்டாக" என்பதே அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. உங்கள் ஊர்க் கராஜ்களில் பொறி தாமதமாக விழுவதற்கு "பிந்தி" என்று சொல்கிறார்களா, வேறு சொல் உண்டா என்பதை அறிந்தவர்கள் எழுதினால், அதிகாரத்தை அச்சுக்கு அனுப்பும் முன் சேர்த்துக்கொள்வேன்.