'பார்ட்டி' என்பதற்கு 'அமைப்புக்கோள்': கட்டடக்கலைக் கல்விக்கு ஒரு சொல்

கலைச்சொல்லாக்கக் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

கட்டட வடிவமைப்பில் 'பார்ட்டி' (parti) என்னும் பிரெஞ்சுச் சொல்லால் குறிக்கப்படும் கருத்துக்குத் தமிழில் 'கருவரைவு', 'மூலக்கோலம்' ஆகிய இரண்டு சொற்கள் இவ்விழையில் முன்வைக்கப்பட்டுள்ளன. இரண்டும் செவிக்கு இனியவை. ஆயினும் வேலூரில் கட்டடக்கலை மாணவர்களுக்கு வடிவமைப்புப் பயிற்சி அளித்து வருபவன் என்ற முறையில், இவற்றை ஏற்கத் தயங்குகிறேன். முதலாண்டு மாணவர்கள் வடிவமைப்பைப் பற்றி மனத்தில் கொண்டு வரும், முதல் வரைவே இறுதியானது என்ற தவறான எண்ணத்தை இச்சொற்கள் மேலும் உறுதிப்படுத்திவிடும் என்பதே என் அச்சம்.

முதலில் பொருளைத் தெளிவாக்கிக்கொள்வோம். ஒரு கட்டடத்தின் அறைகள், நடைவழிகள், வெளிச்சம், தூண்களும் சுவர்களும் நிற்கும் முறை ஆகிய எல்லாவற்றையும் ஒழுங்கில் பிணைக்கும் அடிப்படை முடிவே பார்ட்டி. அதை உள்ளங்கை அளவுப் படத்தில் நான்கைந்து கோடுகளால் காட்டிவிட முடியும். வேலூர்க் கோட்டையை எடுத்துக்கொள்வோம். அகழி சூழ, மதில் வளைத்து, நடுவே பரந்த வெளியைக் காப்பது அதன் பார்ட்டி. உள்ளே சலகண்டேசுவரர் கோயிலும் மசூதியும் 1846-இல் எழுந்த தேவாலயமும் வெவ்வேறு காலத்தவை. ஆனாலும் கோட்டையின் அந்த அடிப்படை ஒழுங்கு மாறவில்லை. 'கருத்துரு' என்று நாம் ஏற்கெனவே வழங்கும் சொல் இதைக் குறிக்காது. தாமரையைக் கருத்துருவாகக் கொண்டேன் என்று ஒரு மாணவர் சொல்லலாம். படிக்கட்டு எங்கே வரும், சமையலறைப் புகை எந்தப் பக்கம் போகும் என்பதற்குத் தாமரையிடம் விடை இல்லை. ஆகவே இரண்டுக்கும் தனித்தனிச் சொல் கட்டாயம் வேண்டும்.

வகுப்பறையில் பார்ட்டி எப்படிப் பிறக்கிறது என்பதைப் பார்த்தால்தான் எந்தச் சொல் பொருந்தும் என்று தெரியும். சி.எம்.சி. மருத்துவமனைக்கு வங்காளம், ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்களிலிருந்து வரும் நோயாளிகளின் குடும்பத்தினர் வாரக்கணக்கில் தங்கித் தாங்களே சமைத்துக்கொள்ளும் விடுதிகளை இவ்வூரார் அனைவரும் அறிவர். அத்தகைய விடுதி ஒன்றைக் குறுகி நீண்ட மனையில் வடிவமைக்கச் சொன்னால், பெரும்பாலான மாணவர்கள் முதலில் நடுவே நடைவழியும் இருபுறமும் அறைகளுமாக வரைகிறார்கள். அறைகளின் எண்ணிக்கை கணக்கில் சரியாக வந்துவிடும். பிறகு வெட்டுத்தோற்றம் (கட்டடத்தை மேலிருந்து கீழாக வெட்டி உள்ளே காட்டும் படம்) வரையும்போதுதான் நடைவழிக்கு வெளிச்சம் இல்லை என்பதும், மேற்கு பார்த்த அறைகளில் கத்திரி வெயில் நேரே இறங்குகிறது என்பதும், ஈரத்துணி உலர்த்த இடமே விடவில்லை என்பதும் ஒவ்வொன்றாகத் தெரியவருகின்றன.

அப்போது மாணவர் பழைய தாளின் மேல் பட்டர் பேப்பரை விரித்து, அடியில் தெரியும் சுவர்களில் எவற்றை மட்டும் மீண்டும் இழுப்பது, எவற்றை விட்டுவிடுவது என்று பென்சிலைத் தாளில் வைக்காமல் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருப்பார். ஒருபக்கம் மட்டும் அறைகள், மறுபக்கம் திறந்த தாழ்வாரம், தாழ்வாரத்தின் நடுவில் பொதுச் சமையலிடமும் முற்றமும் என்று இரண்டாம் தாளில் வேறோர் ஒழுங்கு உருவாகிறது. அறைகள் குறைகின்றன, அதை ஈடுகட்ட ஒரு தளம் கூடுகிறது, தளம் கூடினால் தளர்ந்த நோயாளி எப்படி மேலே ஏறுவார் என்ற கேள்வி எழுகிறது. முதல் தாளில் இல்லாத அந்தக் கேள்வியை எழுப்பியது இரண்டாம் தாள்தான். வடிவமைப்பைக் கற்பது என்பதன் பெரும்பகுதி, ஒரு முடிவை உறுதியோடு எடுத்து, அதை முழுமையாக வரைந்து பார்த்து, அது எழுப்பும் கேள்வியால் அந்த முடிவையே திருத்தும் துணிவைப் பெறுவதுதான்.

பார்ட்டி என்னும் சொல் பாரிசின் எக்கோல் தெ போசார் என்னும் நுண்கலைப் பள்ளியின் வழியாகக் கட்டடக்கலைக் கல்விக்கு வந்தது. 'ஒரு நிலைப்பாட்டை எடுத்தல்' என்ற பிரெஞ்சு வழக்கு அதன் வேர். அங்கே மாணவர் தனித்து அமர்ந்து சில மணி நேரத்தில் முதல் வரைவை முடித்துக் கொடுக்க வேண்டும். பின்னர் வரையும் விரிவான படங்கள் அந்த வரைவிலிருந்து விலகக் கூடாது. இன்றைய ஸ்டுடியோவில், அதாவது வடிவமைப்புப் பயிற்சி வகுப்பில், அந்தக் கட்டுப்பாடு இல்லை. கட்டடக்கலை ஸ்டுடியோவைப் பற்றி அமெரிக்க அறிஞர் டொனால்டு ஷோன் 1983-இல் எழுதியதில், சரிவான நிலத்தில் பள்ளிக்கூடம் வரைய முடியாமல் தடுமாறும் மாணவியிடம், ஏதேனும் ஓர் ஒழுங்கை, அது தக்க காரணமின்றித் தேர்ந்ததாக இருந்தாலும், முதலில் நிலத்தின் மேல் வைத்துப் பார்க்கும்படியும், பிறகு அதை உடைத்துக்கொள்ளலாம் என்றும் ஆசிரியர் அறிவுறுத்துகிறார். இவ்விரண்டு காலங்களுக்கும் பொதுவாக நிற்பது நிலைப்பாடு எடுத்தல் என்பதே.

இனி 'கருவரைவு' குறித்து. கரு என்றவுடன், முழு உடலும் அதற்குள் முன்பே அடங்கியிருப்பதாகவும், வளர்வது மட்டுமே மீதி என்பதாகவும் பொருள் தோன்றுகிறது. அதனால்தான் மாணவர்கள் முதல் கோட்டைப் பிடித்துக்கொண்டு விட மறுக்கிறார்கள். நான்காவது, ஐந்தாவது தாளில் கண்டடைந்த ஒழுங்கைக் கரு என்று அழைப்பது எவ்வாறு பொருந்தும்? 'மூலக்கோலம்' அழகான சொல். ஆனால் கோலம் என்பது வெளித்தோற்றத்தையே முதலில் நினைவூட்டுகிறது.

எனவே 'அமைப்புக்கோள்' என்ற சொல்லை முன்மொழிகிறேன். கொள் என்னும் வினையடி நீண்டு கோள் ஆகி, குறிக்கோள், மேற்கோள், கருதுகோள் ஆகியவற்றில் நமக்குப் பழகியதே. இவற்றுள் கருதுகோள் எனக்கு மிக நெருக்கமான துணை. அறிவியலில் கருதுகோளை ஒருவர் உறுதியாக முன்வைக்கிறார். சோதனை மறுத்தால் மாற்றுகிறார். அதில் இழுக்கு ஏதும் இல்லை. ஸ்டுடியோவில் வெட்டுத்தோற்றமும் அட்டை மாதிரியும் அத்தகைய சோதனைகளே.

கோள் என்றால் கிரகம் என்று மயங்கக்கூடும் என ஒருவர் ஐயுறலாம். குறிக்கோளில் எவரும் அவ்வாறு மயங்குவதில்லை. சொல் சற்று நீளம் என்பதை ஒப்புகிறேன்; ஆனால் 'அமைகோள்' என்று சுருக்கினால் பொருள் மங்குகிறது. "உன் அமைப்புக்கோள் என்ன?", "இந்த மனைக்கு உன் அமைப்புக்கோள் தாங்காது, மாற்று" என்றெல்லாம் மாணவர் படைப்புகளை மதிப்பிடும் ஜூரியில் தடையின்றிச் சொல்லிப் பார்த்தேன், மாணவர்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

சொற்பட்டியலுக்குரிய வரையறை: அமைப்புக்கோள் – கட்டடத்தின் இடங்கள், நடைவழிகள், கட்டமைப்பு, வெளிச்சம் ஆகியவற்றை ஒருங்கே ஒழுங்குபடுத்துவதற்காக வடிவமைப்பாளர் மேற்கொண்டு, வரைந்து சோதித்து, தேவையெனில் மாற்றிக்கொள்ளும் அடிப்படை முடிவு.

இதில் 'கட்டமைப்பு' என்பதைப் பொறியியல் சொற்பட்டியலில் தூண், உத்திரம் சார்ந்த பொருளிலேயே வைத்திருக்கிறோமா என்பதைப் பொறியியல் துறை அன்பர்கள் உறுதிப்படுத்தினால், வரையறையை அதற்கேற்பத் திருத்தி அனுப்புகிறேன்.

நன்றி.