நீங்க கம்ப்யூட்டரா, பயாலஜியா?

"என்ன படிக்கிறீங்க?" என்று கேட்பவர்களுக்கு ஆளுக்கொரு பதில் வைத்திருக்கிறேன். கணினி அறிவியலும் உயிரியலும் சேர்ந்த ஆராய்ச்சி என்று முழுசாகச் சொன்னால், கேட்பவர் தனக்குத் தெரியாத பாதியை மட்டும் பிடித்துக்கொள்கிறார். உயிரியல் ஆய்வகத்தில் நான் "கம்ப்யூட்டர் தம்பி". பிரின்டர் மக்கர் செய்தால் கூப்பிடுவார்கள். புரோகிராமிங் நண்பர்களிடம் போனால், "தவளையெல்லாம் வெட்டுவியாடா?"

நண்பர்களைச் சமாளிப்பது சுலபம், புதிர் போட்டால் போதும். "மனிதனின் டிஎன்ஏ வரிசை ஏறத்தாழ 300 கோடி எழுத்து. பரவலாகப் புழங்கும் கருவிகள் அதை 150 எழுத்து அளவுள்ள துண்டுகளாகத்தான் வாசித்துத் தரும். கோடிக்கணக்கில் துண்டுகள். எப்படிச் சேர்ப்பே?" என்பேன். "ஓவர்லாப் பார்த்து ஒட்ட வேண்டியதுதானே" என்று உடனே பதில் வரும். சரி, ஒரே வரிசை ஆயிரக்கணக்கான இடங்களில் திரும்பத் திரும்ப வந்தால்? அங்கேதான் ஆள் நிமிர்ந்து உட்காருவான். மனித டிஎன்ஏ முழுவதையும் வாசிக்கக் கிளம்பிய மனித மரபணுத்தொகுதித் திட்டம் முடிந்தது என்று 2003-இல் அறிவித்தபோதும் சுமார் 8 சதவீதம் பாக்கி இருந்தது. பெரும்பாலும் இந்தத் திரும்பல்கள்தான் காரணம். நீளமான துண்டுகளை வாசிக்கும் கருவிகள் வந்த பிறகு, 2022-இல்தான் அந்த இடைவெளிகளை நிரப்பிய வரிசை வெளியானது.

உயிரியல்காரர்களிடம் இந்தப் புதிரெல்லாம் செல்லாது. அங்கே என்னைக் காப்பாற்றியது ஒரு விரிதாள். ஆய்வகத்தின் மூத்த அக்கா ஒருவர் மரபணுப் பட்டியல் அனுப்பியிருந்தார். பெயர் வரிசையில் நடுநடுவே "2-செப்", "1-மார்ச்" என்று தேதிகள். செப்ட்2, மார்ச்1 என்ற மரபணுப் பெயர்களை மென்பொருள் தானாகவே தேதியாக்கிவிட்டது. இது ஊரறிந்த தலைவலி. மனித மரபணுக்களுக்குப் பெயர் சூட்டும் குழு 2020-இல் செப்டின்2, மார்ச்எஃப்1 என்று பெயர்களையே மாற்றிவிட்டது. (மென்பொருளைத் திருத்துவதைவிட மரபணுவின் பெயரை மாற்றுவது எளிதாக இருந்திருக்கிறது பாருங்கள்!) அதைச் சொன்னதும் அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டார். பிரின்டர் பேச்சு அன்றோடு போயிற்று.

அப்புறம் நடந்த உரையாடல்தான் ருசியானது. "இருபதாயிரம் வரி இருக்கே, நிறைய டேட்டா" என்றான் உடன் வந்த நண்பன். அக்கா சிரித்தார். "மருந்து கொடுத்த சாம்பிள் 3, கொடுக்காதது 3. மொத்தமே 6 சாம்பிள்தான் தம்பி." இருவரும் ஒரே தாளைத்தான் பார்த்தார்கள், ஒருவர் மரபணுக்கள் இருந்த வரிகளை எண்ணினார், ஒருவர் சாம்பிள்கள் இருந்த நெடுவரிசைகளை. நான் குறுக்கே புகுந்து, இருபதாயிரம் மரபணுக்களையும் தனித்தனியாக 5 சதவீத வரம்பில் (அதாவது நூற்றில் ஐந்து தற்செயலாகத் தவறலாம் என்று விட்டு) சோதித்தால், மருந்து எதையுமே மாற்றாவிட்டாலும் தற்செயலாகவே சுமார் ஆயிரம் "மாறியது" என்று காட்டும் என்றேன். "அப்போ போன வாரம் நான் பிடிச்ச பட்டியல்?" என்று அக்கா கேட்க, இந்தத் தற்செயலை ஈடுகட்டும் திருத்தம் போட்டுப் பார்த்தோம். பாதிக்கு மேல் காணாமல் போனது. மிஞ்சியதில் எதை முதலில் சோதனைக்குழாயில் பார்ப்பது என்று அவர் சொல்ல, நான் குறித்துக்கொண்டேன்.

இப்போதெல்லாம் துறைப் பெயரையே சொல்வதில்லை. "மருந்து பட்ட செல்லில் எந்த மரபணு கூடுதலாக வேலை செய்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்க்கிறேன்" என்று மட்டும் சொல்கிறேன். அடுத்த கேள்வி "என்ன மருந்து?" என்றுதான் வருகிறது.